பெயரும் பொருளும்: தனிமங்களைப் பிரித்தறிவதில் தமிழ்க் கலைச்சொற்களின் திறம் – கள்ளக்குறிச்சி நிகழ்வை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தனிமத்தை மற்றொரு தனிமத்திலிருந்து பிரித்தறிவது வேதியியலின் அடிப்படைப் பணி. பிரித்தறிந்ததைப் பிறருக்கு உணர்த்துவது மொழியின் பணி. தமிழில் தனிமங்களுக்கும் சேர்மங்களுக்கும் வழங்கும் பெயர்கள் இதுவரை பெரும்பாலும் 'தூய்மை', 'உலகப் பொதுமை' என்னும் இரண்டு அளவுகோல்களாலேயே மதிப்பிடப்பட்டு வந்துள்ளன. 'பிரித்தறியும் திறம்' என்னும் மூன்றாவது அளவுகோலை இக்கட்டுரை முன்வைக்கிறது. ஈயம், வங்கம், நாகம் முதலிய மரபுச் சொற்கள், உயிர்வளி போன்ற ஆக்கச் சொற்கள், காலியம், சிலிக்கான் போன்ற ஒலிபெயர்ப்புச் சொற்கள் ஆகியவற்றை இவ்வளவுகோலால் ஆராய்கிறது. 2024ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சியில் நிகழ்ந்த மெத்தனால் சாவுகளைப் பற்றிய பொதுமொழி, பிரித்தறியத் தவறிய சொல்லாட்சிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: தனிமம், மூலகம், கலைச்சொல்லாக்கம், பிரித்தறியும் திறம், ஈயம், மெத்தனால், கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை.

முன்னுரை

தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் வரலாறு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீனின் முயற்சியால் 1875இல் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் தமிழில் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலத்தில் இராஜாஜியும் அவருடைய நண்பர்களும் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர். அவரே பின்னர்த் 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலை எழுதினார். அதன் பின்னர்ச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், பல்கலைக்கழகங்கள், பாடநூல் நிறுவனம், அகராதிக் குழுக்கள் எனப் பல கைகள் இப்பணியில் ஈடுபட்டன.

இம்முயற்சிகள் குறித்து எழுந்த விவாதங்களைத் தொகுத்து நோக்கினால், அவை இரண்டு வினாக்களைச் சுற்றியே அமைந்திருப்பது புலனாகும். இச்சொல் தமிழ்ச்சொல்லா என்பது ஒன்று. இச்சொல்லைக் கற்ற மாணவர் உலக அறிவியலோடு உறவாட இயலுமா என்பது மற்றொன்று. இரண்டும் தேவையான வினாக்களே. ஆயினும் ஒரு பொருட்பெயரிடம் முதலில் கேட்கவேண்டிய வினா இவற்றிற்கு முற்பட்டது: இப்பெயர் தான் குறிக்கும் பொருளைப் பிற பொருள்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறதா? இவ்வினா போதிய அளவு கேட்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. சொல்லாராய்ச்சியாளர்களுக்கு மட்டும் உரிய சிக்கலாக இதனை ஒதுக்கிவிட இயலாது என்பதைக் கள்ளக்குறிச்சி உணர்த்தியது.

1. பிரித்தறிதலின் வரலாறு: கல்லிலிருந்து எண்ணுக்கு

பொருளைப் பிரித்தறியும் கலை தமிழருக்குப் புதிதன்று. பொன்னின் தரத்தைக் கட்டளைக்கல்லில் உரைத்துக் காணும் வழக்கம் தொன்மையானது. திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் மனிதரை மதிப்பிடுவதற்கு அக்கல்லையே உவமையாகக் கொள்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கொடையாக வந்த பொன்னை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்ததைக் குறிப்பிடுகின்றன. பொன்னின் தரத்தைத் 'தண்டவாணி' என்னும் உரைப்பொன்னோடு ஒப்பிட்டு, அதனினும் இத்தனை மாற்றுக் குறைவு என எழுதும் வழக்கமும் இருந்தது. எடைக்கு ஒரு நிலைப்பொருள், தரத்திற்கு ஒரு நிலைப்பொருள், இரண்டையும் இணைக்கும் எண் என அமைந்த இம்முறையில் அளவீட்டு அறிவியலின் கூறுகள் தெளிவாக உள்ளன. 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்னும் வழக்கு அம்முறையின் எச்சமே.

ஆயினும் கட்டளைக்கல் நிறத்தை நம்புவது. நிறம், எடை, சுவை, ஒலி, உருகுநிலை ஆகிய புறப்பண்புகளால் பொருளை அறியும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. இரு பொருள்கள் ஒத்த பண்புகளைக் கொண்டிருந்தால் அவை ஒன்றாகவே தோன்றும். ஒரே பொருள் இருவேறு வடிவங்களில் கிடைத்தால் இரண்டாகத் தோன்றும். கரியும் வைரமும் ஒரே தனிமத்தின் வடிவங்கள் என்பதைக் கண் ஒருபோதும் சொல்லாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறமாலையியல் இவ்வெல்லையைத் தாண்டியது. சூடேற்றப்பட்ட ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளிக்கோடுகளை வெளியிடுகிறது என்பதைப் புன்சனும் கிர்க்காஃபும் நிறுவினர். இம்முறையால் 1860இல் சீசியமும் 1861இல் ருபீடியமும் கண்டறியப்பட்டன. சென்னை மாகாணத்திற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் இருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் ஆராய்ந்தார். மசூலிப்பட்டினத்தில் இருந்து சென்னை வானாய்வகத்தின் போக்சன் ஆராய்ந்தார். சூரியக் கிளர்ச்சுடர்களின் நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டினை ஒட்டியே இருந்தது. சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் அமைபவை. புதிய கோட்டின் இடமோ 587.5 நானோமீட்டர். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் இக்கோட்டை ஆராய்ந்து, அது சோடியத்திற்கு உரியதன்று என்னும் முடிவை நோக்கிச் சென்றார். ஏறத்தாழ ஒன்றரை நானோமீட்டர் வேறுபாடு ஹீலியம் என்னும் தனிமத்தை உலகிற்கு அறிவித்தது. 1895இல் ராம்சே அதனைப் புவியில் கிடைத்த கனிமம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தார்.

1913இல் மோஸ்லி மேலும் ஒரு படி சென்றார். ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண், அத்தனிமத்தின் அணு எண்ணோடு ஒழுங்கான உறவுடையது என்பதை அவர் காட்டினார். அதுமுதல் தனிமத்தின் அடையாளம் அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையாயிற்று. புரோட்டான் 79 எனில் பொன், 80 எனில் பாதரசம். இதில் ஐயத்திற்கு இடமில்லை. இன்று தமிழக நகைக்கடைகளில் 'கேரட் மீட்டர்' எனப்படும் கருவியின் அடிப்படையும் மோஸ்லி கண்ட இவ்வுறவே. கட்டளைக்கல் இருந்த மேசையில் இன்று அக்கருவி இருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டிய கருத்து ஒன்று உண்டு. பிரித்தறியும் முறை பண்பிலிருந்து எண்ணுக்கு நகர்ந்துவிட்டது. பெயர்களோ பண்பின் காலத்திலேயே தங்கிவிட்டன. இது தமிழுக்கு மட்டும் உரிய நிலை அன்று. 1841இல் மொசாண்டர் கண்டதாக அறிவித்த 'டிடைமியம்' பல ஆண்டுகள் தனிமமாகவே கருதப்பட்டது. 1885இல் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக் அதனைப் பிரசியோடைமியம், நியோடைமியம் என இரண்டாகப் பிரித்துக் காட்டினார். பெயர் ஒன்று இருப்பதனாலேயே பொருளும் ஒன்றாகிவிடாது என்பதற்கு இது உலகறிந்த சான்று.

2. மரபுச் சொற்கள்: ஈயம், வங்கம், நாகம்

'ஈயம்' என்னும் தமிழ்ச்சொல் இரண்டு தனிமங்களுக்குப் பொதுவானது. அணு எண் 50 உடையது வெள்ளீயம். அணு எண் 82 உடையது காரீயம். முன்னது 232 பாகை செல்சியசில் உருகும்; பின்னது 327 பாகையில் உருகும். காரீயம் வெள்ளீயத்தினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்ந்தது. முன்னது சமையல் பாத்திரத்திற்கு ஏற்றது. பின்னது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை அது மிகுதியும் பாதிக்கும்.

அடைமொழியுடன் வழங்கும்போது இச்சொற்கள் முழுமையான பிரித்தறியும் திறம் உடையவை. வெண்மை, கருமை என்னும் பாகுபாடு தமிழில் மட்டும் எழுந்ததும் அன்று. உரோமானியரும் பிளம்பம் என்னும் ஒரே சொல்லை வெண்மை, கருமை என்னும் அடைகளால் பிரித்தே இவ்விரண்டையும் வழங்கினர். சிக்கல் அடைமொழி உதிரும் இடத்தில் தொடங்குகிறது. ரசம் வைக்கும் 'ஈயச் சொம்பு' வெள்ளீயத்தால் ஆகவேண்டியது. பற்றவைக்கப் பயன்படும் 'ஈயம்' நெடுங்காலமாக வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவை. வண்ணப்பூச்சு பற்றிய எச்சரிக்கைகளில் வரும் 'ஈயம்' காரீயம். மூன்றிலும் ஒரே சொல். ஈயச் சொம்பில் காரீயம் கலந்திருக்கிறதா என்று கடையில் கேட்க விரும்பும் ஒருவர் தம் கேள்வியைச் சொல்லவே அடைமொழியை மீட்டாக வேண்டியிருக்கிறது. மரபு வைத்திருந்த வேறுபாட்டை அண்மைக்கால வழக்குத் தேய்த்துவிட்டது என்பதே இங்குப் பொருந்தும் மதிப்பீடு.

மருத்துவ மரபில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. சித்த மருத்துவத்தில் வெள்வங்கம் என்பது வெள்ளீயம். கருவங்கம் என்பது காரீயம். வடமொழியில் வங்கம் என்றால் வெள்ளீயம் மட்டுமே. சித்த மருத்துவத்தின் 'நாக பற்பம்' துத்தநாகத்தால் செய்யப்படுவது. ஆயுர்வேதத்தின் 'நாக பஸ்மம்' காரீயத்தால் செய்யப்படுவது. துத்தநாகத்திற்கு அங்கு 'யசதம்' என்பது பெயர். ஆக, 'நாகம்' என்னும் ஒரே சொல் ஒரு மரபில் அணு எண் 30 உடைய தனிமத்தையும், மற்றொரு மரபில் அணு எண் 82 உடைய தனிமத்தையும் சுட்டுகிறது. இவ்விரு மரபுகளும் தத்தம் எல்லைக்குள் முரணற்றவை. இரண்டையும் ஒருங்கே படிக்கும் பதிப்பாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் ஓலைச்சுவடி ஆய்வாளருமே இடருக்கு உள்ளாகின்றனர். சித்த மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போர் அருஞ்சொற்பொருள் தரும்போது வடமொழி அகராதியை அப்படியே பின்பற்றினால், மருந்தின் மூலப்பொருளே மாறிவிடும். பாடவேறுபாட்டிற்குக் காட்டும் கவனத்தில் ஒரு பகுதியேனும் பொருள் அடையாளத்திற்குக் காட்டப்பட வேண்டும்.

வணிக வழக்கில் நிலைமை வேறு. 'எவர்சில்வர்' பாத்திரத்தில் வெள்ளி இல்லை; அது இரும்பும் குரோமியமும் பெரும்பாலும் நிக்கலும் சேர்ந்த எஃகு. 'ஜெர்மன் சில்வர்' செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை. இப்பெயர்கள் பொருளைப் பிரித்தறிவதற்காக எழுந்தவை அல்ல, விற்பதற்காக எழுந்தவை. எவர்சில்வரை வெள்ளி என்று நம்பி எவரும் வாங்குவதில்லை. ஆதலால் தீங்கும் இல்லை. பெயர் தவறாக இருப்பது மட்டுமே தீங்கு ஆகாது. பெயரை நம்பி ஒருவர் செயற்படும் இடத்தில்தான் அது தீங்காகும். இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் எல்லாப் பொருந்தாப் பெயர்களையும் கண்டிப்பது திறனாய்வு ஆகாது.

3. ஆக்கச் சொற்களும் ஒலிபெயர்ப்புகளும்

ஆக்கச் சொற்களுள் 'உயிர்வளி' பெரிதும் போற்றப்படுவது. ஒலிநயமும் பொருள்தெளிவும் உடைய சொல் அது. ஆயினும் அது தனிமத்தின் பெயர் ஆகுமா? காற்றில் உள்ள, உயிரினங்கள் மூச்சில் கொள்ளும் வளிக்கு அது மிகப் பொருத்தமான பெயர். நீரிலும் துருவிலும் மணலிலும் உள்ள அதே தனிமம் வளியும் அன்று. உயிர்ப்பதற்கு உதவுவதும் அன்று. அதே தனிமத்தின் மூன்று அணுக்கள் சேர்ந்த ஓசோனை மூச்சில் கொண்டால் நுரையீரலுக்குக் கேடு. மெத்தனால் மூலக்கூறில் 'ஓர் உயிர்வளி அணு' இருக்கிறது என்று எழுதிப் பார்த்தால் இச்சொல்லின் எல்லை விளங்கும். தனிமத்தின் ஒரு நிலையை அதன் பெயராக்கியதால் நேர்ந்த குறை இது.

இக்குறையைத் தமிழின் குறையாகக் காட்டி ஒலிபெயர்ப்பை உயர்த்துவோர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். 'ஆக்சிஜன்' என்னும் சொல்லின் மூலப்பொருள் 'அமிலத்தை உண்டாக்குவது' என்பது. எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்று லவாய்சியர் கருதியதன் விளைவு அது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது பின்னர்த் தெளிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் ஒலிபெயர்த்து வழங்கும்போது அப்பிழையான மூலப்பொருள் யாருக்கும் தெரிவதில்லை. அதனாலேயே அச்சொல் குழப்பமின்றி இயங்குகிறது. பொருள் விளங்காமை சில இடங்களில் கலைச்சொல்லுக்கு வலிமையாகும் என்பது தூய்மைநெறியாளர் ஏற்கத் தயங்கும் உண்மை.

மறுபுறம், 'கரிமம்' என்னும் ஆக்கச்சொல்லைக் காண்க. அது கரியை நினைவூட்டினும் கரி என்னும் பொருளோடு நின்றுவிடவில்லை; ஈறு சேர்ந்து வேறு சொல்லாகிவிட்டது. வைரத்திற்கும் கரிக்கும் சர்க்கரைக்கும் மெத்தனாலுக்கும் பொதுவான தனிமத்தை அது இடரின்றிச் சுட்டும். 'வளி' என நிலையைக் கூறும் ஈற்றையும், 'மம்' என நிலை கூறாத ஈற்றையும் ஒப்பிட்டால், ஆக்கச்சொல்லின் வெற்றி ஈற்றுத் தேர்விலும் இருக்கிறது என்பது தெளிவாகும்.

ஒலிபெயர்ப்பின் இடர்கள் வேறு வகையின. தமிழ் எழுத்து முறையில் வல்லினத்தின் ஒலிப்புள்ள, ஒலிப்பற்ற வடிவங்களுக்குத் தனித்தனி எழுத்து இல்லை. 'காலியம்' எனத் தமிழில் எழுதினால் அது அணு எண் 31 உடைய தனிமத்தைக் குறிக்கும். பொட்டாசியத்தின் இலத்தீன் பெயரையும் தமிழில் அதே எழுத்துகளால்தான் எழுத இயலும். அதன் அணு எண் 19. 'சிலிக்கான்' என்பது கணிப்பொறிச் சில்லுக்கு அடிப்படையான தனிமம். உறைமூடிகளுக்கும் அறுவை மருத்துவத்திற்கும் பயன்படும் பலபடிச் சேர்மத்தின் பெயரையும் நாளிதழ்கள் அதே வடிவில் எழுதுகின்றன. தனிமமும் சேர்மமும் ஒன்றாகிவிடுகின்றன.

தமிழகத்திற்கும் இலங்கைக்கும் இடையே உள்ள வேறுபாடும் கருதத்தக்கது. இங்குத் தனிமம், அங்கு மூலகம். இங்கு ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன். அங்கு ஐதரசன், ஒட்சிசன், காபன். இவை இருவேறு பெயர்களாயினும் ஒவ்வொன்றும் ஒரே பொருளைச் சுட்டுவதால் பிரித்தறியும் திறத்திற்கு ஊறு இல்லை. ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பது அழகியல் சிக்கல் அல்லது நடைமுறைச் சிக்கல். பல பொருளுக்கு ஒரு பெயர் இருப்பதே அறிவியல் சிக்கல். நம்முடைய தரப்படுத்தல் முயற்சிகள் முதலாவதற்கே பெரும் உழைப்பைச் செலவிட்டுள்ளன.

ஒலிபெயர்ப்பில் மற்றோர் இழப்பும் உண்டு. சீசியம், ருபீடியம், தாலியம், இண்டியம் ஆகிய நான்கு பெயர்களும் நிறமாலையில் அவை காட்டிய வண்ணத்தால் அமைந்தவை: முறையே வான்நீலம், செம்மை, துளிர்ப்பசுமை, அவுரி நீலம். தமிழ் மாணவருக்கு இப்பெயர்கள் வெறும் ஒலிகளாகவே வந்து சேர்கின்றன. பெயரை மாற்றவேண்டியதில்லை, பெயர்க்காரணத்தைப் பாடநூலில் ஒரு வரியாகச் சேர்த்தாலே அவை கண்டறியப்பட்ட முறையும் உடன்வந்து சேரும்.

4. கள்ளக்குறிச்சி: சொல் பிரிக்கத் தவறிய இடம்

2024 ஜூன் 18, 19 நாள்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் சாராயம் என விற்கப்பட்டதைக் குடித்தவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதில் மெத்தனால் கலந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர் இதே நஞ்சால் இறந்திருந்தனர்.

வேதியியல் நோக்கில் மெத்தனாலும் எத்தனாலும் ஒரே மூன்று தனிமங்களால் ஆனவை: கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். எத்தனிமங்கள் உள்ளன என்று மட்டும் கேட்டால் இரண்டும் ஒன்றே என விடை வரும். வேறுபாடு எண்ணிக்கையில் உள்ளது. மெத்தனாலில் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். எத்தனாலில் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். இரண்டும் நிறமற்றவை, மணத்தாலும் எளிதில் வேறுபடுத்த இயலாதவை. முன்னது 64.7 பாகை செல்சியசிலும் பின்னது 78.4 பாகையிலும் கொதிக்கும். மெத்தனால் உடலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. இரத்தத்தில் அமிலத்தன்மையை மிகச் செய்கிறது. அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே முற்றும் என்பதால், தொடக்கத்தில் நோயாளி வழக்கமான போதையில் இருப்பவராகவே தோன்றக்கூடும். மெத்தனால் நஞ்சுக்குத் தரப்படும் மாற்று மருந்துகளுள் எத்தனாலும் ஒன்று. ஒன்று நஞ்சாகவும் மற்றொன்று அந்நஞ்சின் முறிவாகவும் இருக்கும் இரு பொருள்களை மொழி எவ்வாறு கையாண்டது?

நிகழ்வு பற்றிய பொது எழுத்தில் வழங்கிய சொற்கள் கள்ளச்சாராயம், விஷச்சாராயம், எரிசாராயம், மெத்தனால் என்பன. இவற்றுள் 'கள்ளச்சாராயம்' சட்டம் சார்ந்த சொல்; உரிமம் இன்றிக் காய்ச்சப்பட்டது அல்லது விற்கப்பட்டது என்பதற்கு மேல் அது பொருளைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. 'விஷச்சாராயம்' என்பது சாராயம் கெட்டு நஞ்சானது என்னும் எண்ணத்தைத் தருகிறது. பால் திரிவதுபோல் எத்தனால் மெத்தனாலாகத் திரிவதில்லை. 'எரிசாராயம்' தூய்மைப்படுத்திய எத்தனாலுக்கு உரிய சொல்லாயினும் எரியும் தன்மையுள்ள எதற்கும் தளர்வாக வழங்குகிறது. மூன்று சொற்களிலும் 'சாராயம்' தலைமைச் சொல்லாக நிற்பதால், மெத்தனால் ஒருவகைச் சாராயம் என்னும் பொருளே நிலைபெறுகிறது. வேதியியலின் வகைப்பாட்டில் அது ஆல்கஹால் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வழக்கில் சாராயம் குடிப்பதற்கு உரியது. மெத்தனால் எந்த அளவிலும் குடிப்பதற்கு உரியதன்று.

ஆக்கச் சொற்களும் இங்குக் கைகொடுக்கவில்லை. ஆல்கஹாலுக்கு முன்மொழியப்பட்ட 'வெறியம்', இலங்கை வழக்கான 'மதுசாரம்' ஆகிய இரண்டும் எத்தனாலின் போதைப் பண்பைக் குடும்பம் முழுமைக்கும் ஏற்றுகின்றன. அவற்றின்படி மெத்தனாலும் ஒரு வெறியம், ஒரு மதுசாரம் ஆகிவிடுகிறது. ஒலிபெயர்ப்போ மெத்தனால், எத்தனால் என ஒரே ஒரு மெய்யொலியின் வேறுபாட்டை மட்டும் நம்பியிருக்கிறது. பேச்சிலும் அவசரத்தில் எழுதிய குறிப்பிலும் அவ்வேறுபாடு தாங்குவது அரிது.

இச்சொற்குழப்பத்தின் விளைவு கல்வராயன் மலைக்கும் சென்றது. நிகழ்வுக்குப் பின் கல்வராயன் மலையில் ஊறல்கள் தேடி அழிக்கப்பட்ட செய்திகள், மெத்தனால் சாவுச் செய்திகளோடு அடுத்தடுத்து வெளிவந்தன. வெல்லமும் மரப்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சப்படும் மலைச்சாராயத்தில் உருவாவது முதன்மையாக எத்தனால். மெத்தனால் மிகச் சிறிதளவே. சாவுகளுக்குக் காரணமான அளவிலான மெத்தனால் தொழிற்சாலைப் பயன்பாட்டிற்கான வேதிப்பொருள். அது வருவதற்கு ஊறற்பானை தேவையில்லை, வணிக வழி தேவை. ஊறல் காய்ச்சுவது சட்டப்படி குற்றமே. ஆயினும் அதுவும் இதுவும் ஒரே குற்றம் அல்ல. ஒரே பொருளும் அல்ல. 'கள்ளச்சாராயம்' என்னும் ஒற்றைச் சொல் இரண்டையும் ஒரே குடுவைக்குள் ஊற்றியது. படிப்பவரின் மனத்தில், நஞ்சு மலையிலிருந்து இறங்கி வந்ததுபோன்ற தோற்றம் எழுவதற்கு அச்சொல் இடம் தந்தது. பொருளைத் தவறாக அடையாளம் கண்ட மொழி, பொறுப்பையும் தவறாக அடையாளம் காண வழிவகுத்தது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பெயர் சரியாக இருந்திருந்தால் குடித்தவர்கள் குடிக்காமல் இருந்திருப்பார்களா? இல்லை. உறையில் ஊற்றி விற்கப்பட்டதன்மேல் எப்பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை. நாள் முழுதும் உழைத்த உடல் வலிக்கும், மலிவான விலைக்கும் கலைச்சொல் விடையாகாது. சொற்சீர்திருத்தம் உயிர்காக்கும் என்னும் மிகைக்கூற்றை இக்கட்டுரை முன்வைக்கவில்லை. சாவுக்குப் பின் சமூகம் எதைப் புரிந்துகொண்டது, எதைத் தடுக்க முனைந்தது என்பதே இங்குள்ள வினா. நஞ்சை நஞ்சு என்று பெயரிடாமல் சாராயம் என்று பெயரிட்டபோது, விவாதம் நஞ்சின் வழியைத் துருவுவதைக் காட்டிலும் குடிப்பவரின் ஒழுக்கத்தைத் துருவுவதை எளிதாக்கிக்கொண்டது. இறந்தவரைப் பற்றிய ஏளனத்திற்கு அச்சொல்லே இடமளித்தது. காரீயம் கலந்த பாத்திரத்தில் உண்டு நோயுற்றவரை, உண்டதற்காக எவரும் பழிப்பதில்லை.

5. எண்ணைப் பெயரோடு சேர்த்தல்: ஒரு முன்மொழிவு

பிரித்தறியும் திறத்தை மீட்பதற்குப் புதிய சொற்களை ஆக்கிக் குவிக்கத் தேவையில்லை. உள்ள சொற்களை ஒழுங்காக வழங்குவதே போதும்.

முதலாவது, ஆய்வு நூல்களிலும் பாடநூல்களிலும் தனிமத்தின் பெயர் முதன்முறை வரும் இடத்தில் அணு எண்ணையும் உடன்தருதல். நாகம் (துத்தநாகம், 30), நாகம் (காரீயம், 82) என எழுதினால் குழப்பம் அந்த இடத்திலேயே தீரும். எண்ணால் பெயரிடும் வழக்கம் தமிழ் மக்களுக்கு அயலானதன்று. 'பத்தரை மாற்று' என்றது நேற்றைய வழக்கு. '916 நகை' என்பது இன்றைய வழக்கு. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்னும் அளவையே மக்கள் பெயராக்கிக்கொண்டனர். உலக வேதியியலும் பெயரிடப்படாத புதிய தனிமங்களுக்கு அணு எண்ணின் இலக்கங்களையே தற்காலிகப் பெயராக்குகிறது. 113ஆம் தனிமம் 2016இல் நிஹோனியம் எனப் பெயர்பெறும்வரை அவ்வாறே வழங்கியது.

இரண்டாவது, அடைமொழி உதிர்வதைத் தடுத்தல். 'ஈயம்' என்னும் சொல்லை அறிவியல் எழுத்தில் தனித்து வழங்காமல், வெள்ளீயம், காரீயம் என்றே வழங்குதல்.

மூன்றாவது, வகைச்சொல்லைச் சேர்த்தல். தனிமம், சேர்மம், கலவை என்னும் மூன்றனுள் எது என்பதைச் சுட்டினால் 'சிலிக்கான்' போன்ற குழப்பங்கள் குறையும். இணைதிறன் முக்கியமாகும் இடத்தில் அதையும் சுட்டவேண்டும். தோல் பதனிடும் மாவட்டங்களில் 'குரோமியம்' என்று மட்டும் எழுதுவது போதாது. மூவிணைதிறக் குரோமியத்தினும் ஆறிணைதிறக் குரோமியம் பன்மடங்கு நச்சுத்தன்மை உடையது. தனிமம் ஒன்றே; தீங்கு ஒன்றன்று.

நான்காவது, சட்டச் சொல்லையும் பொருட்சொல்லையும் பிரித்தல். உரிமம் இல்லாததைக் கள்ளச்சாராயம் என்க. மெத்தனாலை மெத்தனால் நஞ்சு என்க. 2024 ஜூனில் நிகழ்ந்தவை 'மெத்தனால் நஞ்சுச் சாவுகள்' எனப் பதிவு பெறுவது, இறந்தோர்க்கும் உண்மைக்கும் பொருந்தும்.

முடிவுரை

தமிழில் தனிமப் பெயர்களைப் பற்றிய திறனாய்வு, சொல்லின் பிறப்பைக் காட்டிலும் சொல்லின் செயலை நோக்கித் திரும்பவேண்டும். மரபுச் சொற்களுள் சில பிரித்தறியும் திறத்தில் சிறந்தவை, வழக்கில் தேய்ந்தவை. ஆக்கச் சொற்களுள் நிலையைப் பெயராக்கியவை தடுமாறுகின்றன. நிலை கூறாதவை நிலைக்கின்றன. ஒலிபெயர்ப்புகள் உலகப் பொதுமையைத் தருகின்றன. எழுத்து முறையின் எல்லையால் சில இடங்களில் இரண்டை ஒன்றாக்குகின்றன. இவற்றுள் எந்த நெறியும் முழுமையாகச் சரியும் அன்று, முழுமையாகத் தவறும் அன்று. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே உரைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

சித்த மருத்துவ நூல்களில் பயிலும் உலோகப் பெயர்களை நூல்வாரியாகத் தொகுத்து, ஒவ்வொன்றும் எத்தனிமத்தைச் சுட்டுகிறது என்பதை அணு எண்ணுடன் நிறுவும் அகராதி ஒன்று இத்துறையின் உடனடித் தேவை. தமிழ்த்துறையும் வேதியியல் துறையும் சித்த மருத்துவத் துறையும் இணைந்து செய்யவேண்டிய பணி அது. நச்சுப் பொருள்களைப் பற்றிய நாளிதழ் மொழியை ஆராய்வதும் இதழியல் ஆய்வாளர்க்கு உரிய களமாக விரிந்து கிடக்கிறது. கள்ளக்குறிச்சி நிகழ்வு பற்றிய செய்திகளின் சொல்லடைவிலிருந்தே அவ்வாய்வைத் தொடங்கலாம்.